மாமா வாடை அடித்த வண்டி

ஜெகா,

நேற்று நீ போனை வைத்த பிறகு வெகு நேரம் அடுப்படியிலேயே நின்றிருந்தேன். "சாம்பிராணிய ஏம்மா சாக்கடைல கொட்டின? மாமாவ அப்படியா அனுப்பறது?" என்று கேட்டாய். உன் பெரிய அத்தை உன்னிடம் சொன்னது பொய் இல்லை. கொட்டினேன். தெருவே பார்க்கும்படி கத்தவும் செய்தேன். அதற்காக நீ கோபப்பட்டது எனக்குப் பெரிதாக இல்லை. போனை வைப்பதற்கு முன்னால் வேறு ஒன்று சொன்னாய். "ஞாயித்துக்கெழம வந்து செல்வியையும் வண்டியையும் கூட்டினு போறேன். கூலிங் கம்மியா இருந்தா அப்பா கேஸ் போட்ட கடைலயே போட்டுக்கறேன், அங்க போட்டப்ப ஐஸ் மாதிரி இருந்துச்சில்ல" என்றாய். அந்தக் கடையில் நீ வண்டியை நிறுத்தக் கூடாது. புது மருமகள் செல்வியை உள்ளே வைத்துக்கொண்டு நிறுத்தவே கூடாது. ஏன் என்று போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும். ஆம்பூருக்கும் நாட்றம்பள்ளிக்கும் நடுவில் அந்த மாதிரி கேஸை வைத்துக்கொண்டு ஓடுகிற வண்டி நம் வண்டி ஒன்றுதான் என்று நான் நினைக்கவில்லை.

உன் மாமா, என் அண்ணன், அந்தக் காரை வாங்கியது ஓட்டுவதற்கு என்பதைவிட உள்ளே உட்காருவதற்கு என்று சொல்லலாம். வயது முழுக்க தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கமே வேலை. மேலே தகர ஷீட், கீழே ஈரம், நடுவில் வேர்வை. கடைசியில் மேஸ்திரி ஆனபோது கையில் சேர்ந்ததைக் கொண்டு பழைய வண்டி ஒன்றைப் பார்க்கப் போனார். விற்கிறவர் இன்ஜினைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க, இவர் ஏசி காற்று வரும் இடத்தில் முகத்தை வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். உன் அப்பா பதறிப்போய், "மச்சான், மொதல்ல ஓட்டிப் பாக்கலாம்" என்றதற்கு, "ஓடலன்னா தள்ளிக்கினு போலாம் மாப்ள, ஏசி ஓடுது பாரு" என்றார். உன் கல்யாணத்தன்று மண்டபத்திலிருந்து உங்களை அந்த வண்டியில்தான் கூட்டி வந்தார். செல்விக்குப் பல் தந்தியடிக்கிற அளவுக்குக் குளிரை வைத்துவிட்டு, "இன்னாம்மா, ஊட்டி தெரியுதா?" என்று கேட்டார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். அவர் போன பிறகு அந்த வண்டி நம் வீட்டு ஷெட்டுக்கு வந்தது. ஏசியில் அப்போது குளிரே இல்லை. வெறும் காற்றுதான். நெஞ்சு வலியில் வேலூர் ஆஸ்பத்திரிக்கு அவரை அந்த வண்டியில்தான் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் வேர்த்துக்கொண்டே வந்தார். அது உன் அப்பாவின் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. காரியம் முடிந்ததும் முதல் வேலையாக வண்டிக்கு கேஸ் போட்டுக்கொண்டு வந்தார். உயிரோடு இருந்தபோது கொடுக்க முடியாத குளிரை இப்போது கொடுப்பதுபோல.

இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று உனக்குச் சொல்லவேண்டும். நீ கணக்கு படித்தவன், எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவுவாள், அந்த இடம் சில்லென்று ஆகும். ஸ்பிரிட் ஆவியாகும்போது உன் தோலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காரிலும் அதுதான் நடக்கிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு காயில், அதாவது வளைத்து வளைத்து மடித்த குழாய், இருக்கிறது. அதற்குள் ஒரு திரவம் கொதித்து ஆவியாகிறது. வெந்நீரைப் போலச் சூட்டில் கொதிப்பது இல்லை, பனிக்கட்டிக் குளிரிலேயே கொதிக்கக்கூடிய திரவம் அது. கொதிப்பதற்கு வேண்டிய சூட்டை வண்டிக்குள் இருக்கும் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஆவியை இன்ஜின் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் இழுத்து நெருக்கி அழுத்துகிறது. அழுத்தினால் சூடாகும். சூடான ஆவி வண்டியின் மூக்குப் பக்கம் இருக்கும் இன்னொரு காயிலுக்குப் போய், எதிர்க்காற்றில் சூட்டைக் கொட்டிவிட்டுத் திரும்பவும் திரவமாகிறது. பிறகு ஒரு குறுகலான துவாரத்தின் வழியே பீய்ச்சிக்கொண்டு உள்ளே வந்து மறுபடி கொதிக்கிறது. மூடிய குழாய்க்குள் ஒரே சரக்கு சுற்றிச் சுற்றி வருகிறது. பெட்ரோலைப் போல எரிந்து தீர்கிற பொருள் அது இல்லை. பல வருஷத்தில் ரப்பர் வளையங்களின் வழியாகக் கொஞ்சம் கசியலாம். ஒரே கோடையில் குளிர் போய்விட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. "வருசா வருசம் கேஸ் போடணும் சார்" என்று ஒரு கடைக்காரன் சொன்னால், ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறான் என்று தெரிந்துகொள்.

உன் அப்பா போன கடையில் ஓட்டையைத் தேடவில்லை. மாதனூர் தாண்டி ரோட்டோரம் ஒரு கொட்டகை. அப்பா எதிரில் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. "கேஸ் போட்டாச்சு" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். என்ன கேஸ் என்று நான் கேட்கவில்லை. நம் பேச்சில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். அடுப்பு சிலிண்டர் தீர்ந்தாலும் கேஸ், ஆட்டோ ஓடுவதும் கேஸ், வயிறு உப்பினாலும் கேஸ், ஏசிக்கும் கேஸ். தோல் ஷாப்பில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவன் மேலே ஏறி வரவில்லை என்றால் அதற்கும் "கேஸ் அடிச்சுடுச்சு" என்பார்கள். கெமிஸ்ட்ரி படித்து, தோல் ஷாப்புகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இடத்தில் லேபில் இத்தனை காலமாக வேலை பார்க்கிறவள் நான். ஒவ்வொரு கேஸுக்கும் தனித்தனிப் பெயர் எனக்குத் தெரியும். வீட்டு வாசலில் நின்றபோது எனக்கும் எல்லாம் ஒரே கேஸ்தான்.

அன்று சாயந்திரம் நானும் அப்பாவும் பஜாருக்குக் கிளம்பினோம். ஏசியைப் போட்டதும் நல்ல குளிர். கொஞ்ச தூரம் போயிருப்போம், அந்தக் குளிரோடு உன் மாமாவின் வாடை வந்தது. உனக்குத் தெரியாததா? குளித்துவிட்டுப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தாலும் அவர் சட்டைக்கு அடியில் தொட்டி வாடை ஒன்று இருக்கும். அழுகின முட்டையும் சுண்ணாம்பும் கலந்த மாதிரி. அது அப்படியே முன்னாலிருந்து முகத்தில் வந்து அடித்தது. ரயில்வே கேட்டில் நின்றபோதுதான் அப்பா மெதுவாக, "உனக்கும் வருதா?" என்றார். "வருது" என்றேன். பஜாருக்குப் போகாமல் திரும்பிவிட்டோம்.

அதற்குப் பிறகு அந்த வண்டியில் நடந்த ஒவ்வொன்றும் எங்களுக்கு அவராகவே தெரிய ஆரம்பித்தது. இன்ஜினை அணைத்த பிறகு டேஷ்போர்டுக்குள்ளிருந்து "ஸ்ஸ்ஸ்" என்று நீளமாக ஒரு சத்தம் வரும். வேலை முடிந்து உட்கார்ந்ததும் அவர் விடுகிற மூச்சு. புழுக்கமான நாளில் காற்று வரும் துவாரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை போல் வழிந்து மடியில் விழும். காய்ந்து கிடக்கும் ஷெட் தரையில், வண்டிக்கு அடியில், யாரோ கை கழுவிவிட்டுப் போன மாதிரி தண்ணீர் தேங்கியிருக்கும். ஒரு தடவை உன் பெரிய அத்தை பின் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். கைக்குட்டை கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவள் அப்படியே உறைந்துபோய், "ஏய், வாடை கீழ தாண்டி ஜாஸ்தி. கால் கிட்ட உக்காந்திருக்கான்" என்றாள். நாங்கள் எல்லோரும் காலை மேலே தூக்கிக்கொண்டோம். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. நீ ஒரு வாரக் கடைசியில் வந்து அதே வண்டியை எடுத்துக்கொண்டு போய், ஆற்றுப் பாலத்தில் நிறுத்தி அழுதுவிட்டு வந்தாய். "மாமா எங்கயும் போல மா" என்றாய். அன்றைக்கு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உனக்குத் தெரியாது.

அதன் பிறகு நான் தனியாகப் போய் உட்கார ஆரம்பித்தேன். லேபிலிருந்து வந்ததும் ஷெட்டுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, இன்ஜினைப் போட்டு, ஏசியை வைத்துக்கொண்டு உட்காருவேன். அண்ணனிடம் பேசமாட்டேன். சும்மா இருப்பேன். வந்த உடனே வாடை நன்றாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் குறைந்து இல்லாமலே போய்விடும். தலை லேசாகக் கனக்கும். அவர் இறங்கிப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு நானும் இறங்குவேன். உண்மையில் வாடை எங்கும் போகவில்லை, என் மூக்குதான் சலித்துப்போய் அதைச் சொல்வதை நிறுத்திக்கொண்டது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே இதை எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தொட்டிப் பக்கம் நாற்றம் அடித்தால் பயப்படு, அடித்த நாற்றம் திடீரென்று நின்றுபோனால் அதைவிடப் பயந்து வெளியே ஓடு என்று. மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விட்டு உட்கார்ந்தது தனிப் பைத்தியக்காரத்தனம். புகைக்குழாய்ப் புகையே ஆளைத் தூங்க வைத்துக் கொண்டுபோய்விடும். படித்த எதுவும் அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஞாபகம் வரவில்லை. வேண்டாம் என்று நானே நினைவை வெளியே நிறுத்தியிருக்கலாம்.

இனி செல்வியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண், தோல் ஷாப்பே இல்லாத ஊர். கல்யாணமான புதிதில் காலையில் காற்று இந்தப் பக்கம் அடித்தபோது புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உன் பெரிய அத்தை விடுவாளா? "இன்னாடி மூக்க பொத்தற? இந்த நாத்தம் தான் உன் தாலி, உன் சோறு, எல்லாம்" என்றாள். செல்வி தலைப்பை இறக்கினாள். பிறகு அவள் பொத்திக்கொண்டதே இல்லை. நம் ஊரில் இது எழுதாத சட்டம் இல்லையா? வெளியூர்க்காரன் வாடை அடிக்கிறது என்றால் நமக்குச் சுருக்கென்கிறது. நாமோ சொல்லவே மாட்டோம். பள்ளிக்கூடத்தில் என் பையிலிருந்து வந்த வாடையை யாரோ சொன்னதற்கு உன் மாமா அவனை அடித்துவிட்டு வந்தார். வாடையைக் கவனிக்காமல் இருப்பதை நாம் மரியாதை என்று பழகிவிட்டோம். அந்த மரியாதையை ஒரு புது மருமகள் ஒழுங்காகக் கற்றுக்கொண்டதுதான் நம்மைக் கொல்லப் பார்த்தது.

அந்த வெள்ளிக்கிழமை நடந்தது இதுதான். அப்பா பயந்துபோய் ஒரு வாரமாக வண்டியைத் தொடவே இல்லை, என்னையும் போய் உட்கார விடவில்லை. கண்ணாடி எல்லாம் ஏற்றி ஷெட்டில் பூட்டிக் கிடந்தது. நீ வேலை பார்க்கும் ஓசூருக்கு எடுத்துப்போகப் போகிறாய் என்றதும் பெரிய அத்தை, புது ஜோடி போகும் வண்டியில் அவன் இருக்கக் கூடாது, சாம்பிராணி போட்டு மரியாதையாக அனுப்பிவிடலாம் என்றாள். விளக்கு வைத்த நேரம். கரண்டி நிறையத் தணலும் சாம்பிராணியுமாக வந்தாள்.

"கண்ணாடிய எறக்காத. உள்ள வெச்சி கதவ சாத்தணும். புகை வெளிய போச்சின்னா அவனும் போறேன்னு சொல்லிட்டு பின்னாலயே திரும்பி வந்துடுவான்."

"அக்கா, சீட்டு கருகிடப் போவுது" என்றார் அப்பா.

"உன் மச்சான் போவணுமா, சீட்டு இருக்கணுமா? இன்னா வேணும், ஒண்ணு சொல்லு."

அவள் ஒரு கையில் கரண்டியோடு இன்னொரு கையை வண்டிக் கதவில் வைத்தாள். அப்போது செல்வி என் பின்னால் வந்து நின்று என் முந்தானையை இழுத்தாள்.

"அத்தை, ஒண்ணு சொல்லட்டா? கோச்சிக்கக் கூடாது."

"சொல்லு."

"இது மாமா வாடை இல்ல அத்தை. அடுப்பு கேஸ் வாடை. எங்க வீட்ல எலி குழாய கடிச்சப்ப இதே தான் அடிச்சுது."

"வந்துட்டா மூக்குக்காரி" என்றாள் பெரிய அத்தை. "செத்தவன் வாடை கூட இவளுக்கு ஆவல."

நான் செல்வியைப் பார்த்தேன். "எப்பலேர்ந்து அடிக்குது?"

"மொத நாளே அத்தை. நான் தான் சொல்லல. இந்த ஊர்ல வாடைய பத்தி…" என்று இழுத்தாள்.

ஜெகா, அந்த ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் வரிசையாகப் புரிந்துவிட்டது. அடுப்பு கேஸுக்கு இயற்கையில் வாடையே கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்று கந்தகம் உள்ள ஒரு பொருளை அதில் கலக்கிறார்கள். தோல் ஷாப்பில் முடி நீக்கும் தொட்டியில் நாறுவதும் கந்தகம்தான். ஒரே குடும்பம். அடுப்பு கேஸும் நன்றாகக் குளிர்விக்கும், அதனால்தான் அந்தக் கடைக்காரன் போட்டான், அதனால்தான் உனக்கு ஐஸ் மாதிரி இருந்தது. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே போய்த் தங்கும். பெரிய அத்தையின் கால் கிட்ட உட்கார்ந்திருந்தது அது. ஒரு வாரம் பூட்டிய வண்டிக்குள், காயில் ஓட்டை வழியாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் தேங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. பெரிய அத்தை கதவைத் திறந்தால் தணல் போகப்போவது அதே இடத்துக்கு. கைப்பிடி தூக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. பாய்ந்துபோய்க் கரண்டியைப் பிடுங்கி, தெருவுக்கு ஓடி, சாக்கடையில் கொட்டினேன். தணல் சுருசுருவென்று அணைந்தது. திரும்பி வந்து, யாரும் லைட் ஸ்விட்சைத் தொடாதீர்கள், எல்லோரும் வெளியே போங்கள் என்று கத்தினேன். இதைத்தான் உன் அத்தை உனக்குச் சொல்லியிருக்கிறாள். கரண்டி போட்ட சூடு என் உள்ளங்கையில் இன்னும் கோடாக இருக்கிறது. அவள் இன்றுவரை என்னோடு பேசவில்லை. அவள் கை அன்று கதவில்தான் இருந்தது என்பதை நினைத்தால், அவள் உயிரோடு இருந்து பேசாமல் இருப்பதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஷெட் கதவையும் வண்டிக் கதவுகளையும் திறந்து போட்டு, மறுநாள் வெயில் ஏறும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. பிறகு பைபாஸ் பக்கம் ஏசி வேலை மட்டும் செய்யும் சலீம் பாயைக் கூட்டி வந்தேன். அவர் ஒரு சின்னக் கருவியின் மூக்கை டேஷ்போர்டுக்குக் கீழே நீட்டினார். அது கத்திய கத்தலில் அப்பா பின்னால் நகர்ந்தார். "இன்ஜின் போட வாணாம்மா, தள்ளிக்கினு போலாம்" என்றார் பாய். வெட்டவெளிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் ஒருவர் பீடி பற்றவைக்கப் போக, பாய் கையில் இருந்த துணியை அவர் மேல் வீசி எறிந்தார். நெருப்பு இல்லாத இடத்தில், நீளமான குழாய் வைத்து, மெதுவாக அந்தக் கேஸை வெளியேற்றினார். "இத்த போட்டவன் கைல கெடச்சா பேஜாரா பூடும்" என்று தனக்குத்தானே திட்டிக்கொண்டார். டேஷ்போர்டைப் பிரித்தபோது காயில் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு இருந்தது. ஓட்டை அங்கேதான். மாமாவுக்குக் குளிர் வராமல் போனதும் அதே ஓட்டையால்தான். பாய் அந்தக் காயிலை மாற்றி, தன் கடையில் வைத்துச் சரியான கேஸைப் போட்டார்.

இனி நீ எங்கே ஏசி வேலை பார்த்தாலும், பக்கத்தில் நின்று பார். டீ குடிக்கப் போகாதே. முதலில் ஓட்டையைத் தேடவேண்டும். பழுதை மாற்றிய பிறகு வேக்குவம் பம்ப் வைத்துக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுவதும் உறிஞ்சவேண்டும். உறிஞ்சியபின் பம்பை நிறுத்திவிட்டு, மீட்டர் முள் அசைகிறதா என்று காத்திருந்து பார்க்கவேண்டும். அசைந்தால் இன்னும் ஓட்டை இருக்கிறது. உன் வண்டிக்கு எந்த கேஸ், எவ்வளவு எடை என்று பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும். கேனில் உள்ள பெயரை நீயே படி, தராசில் நிறுத்துப் போடச் சொல். கையை வைத்துப் பார்த்து "குளிர் வந்துடுச்சு" என்று நிறுத்துகிற கடை வேண்டாம். கூடுதலாகப் போனால் அழுத்தம் ஏறிக் குழாயோ கம்ப்ரசரோ போய்விடும். சின்ன கேன் வாங்கி வீட்டிலேயே போடலாம் என்று வீடியோ பார்த்துவிட்டுக் கிளம்பாதே. அழுத்தம் அதிகமான குழாயில் தெரியாமல் மாட்டினால் கேன் கையிலேயே வெடிக்கும். அந்தத் திரவம் கண்ணில் பட்டால் கண்ணை உறைய வைத்துவிடும். சரியான கேஸ்கூட நெருப்பில் பட்டால் விஷப்புகை ஆகும், அதனால் கசிவு பார்க்கத் தீக்குச்சி கொளுத்துகிறவன் கடையில் ஒரு நிமிஷம்கூட நிற்காதே. இன்ஜினை அணைத்ததும் வரும் "ஸ்ஸ்" சத்தம் சாதாரணமானது, இரண்டு பக்க அழுத்தமும் சமமாகிறது. அடியில் சொட்டுவது காற்றில் இருந்த ஈரம். வெள்ளைப் புகையும் அதுதான். இதற்கெல்லாம் பயப்படாதே. வாடை வந்தால் மட்டும் பயப்படு. எதையும் அழுத்தாமல், சாவியைத் தொடாமல், கதவைத் திறந்துகொண்டு இருவரும் இறங்கிவிடுங்கள். செல்வி எந்த வாடையைச் சொன்னாலும், அது நம் ஊரைப் பற்றியதாகவே இருந்தாலும், முகம் சுளிக்காமல் கேள். அவளிடம் நான் இதைத் தனியாகச் சொல்லிவிட்டேன். "அப்ப பெரிய அத்தை முன்னாடியும் சொல்லலாமா?" என்று கேட்டாள். அவள் முன்னால்தான் முதலில் சொல்லவேண்டும் என்றேன்.

மாமாவை அப்படியா அனுப்புவது என்று கேட்டாயே. இன்று மத்தியானம் நடந்ததை மட்டும் சொல்கிறேன். நானும் செல்வியும் பாய் கடைக்குப் போய் வண்டியை எடுத்தோம். உள்ளே எந்த வாடையும் இல்லை, செல்வியும் நன்றாக மோந்து பார்த்துவிட்டு இல்லை என்றாள். எனக்குத்தான் வெறிச்சென்று இருந்தது. பாதி வழியில் பெருமழை பிடித்தது. ரோடு தெரியாததால் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் மூச்சில் முன் கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாக மூடிக்கொண்டே வந்தது. மூடாமல் ஒரு இடம் மட்டும் மிஞ்சியது. எனக்கு நேர் எதிரே, ஓட்டுகிறவர் கை எட்டும் உயரத்தில், ஐந்து விரலும் விரிந்த ஒரு கை. மோதிர விரல் மட்டும் குட்டை. தோலில் ஒட்டிய சதையை எடுக்கும் மெஷினில் அண்ணனுக்கு நுனி போன விரல் அது. ஏசி போட்டதும் கண்ணாடி குளிர்ந்துவிட்டதா என்று அவர் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாராம். கல்யாணத்தன்று பார்த்ததாகச் செல்விதான் சொன்னாள். சொல்லும்போது அவள் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கையின் எண்ணெய்ப் பிசுக்கு கண்ணாடியில் தங்கிவிட்டால் அந்த இடத்தில் பனி வேறு மாதிரி படியும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியைப் பிரித்து மாட்டியும் யாரும் அந்தக் கண்ணாடியை உள்பக்கம் துடைக்கவில்லை. செல்வி துணியை எடுத்தாள், பிறகு தானாகவே கீழே வைத்துவிட்டாள். மழை விட்டதும் நான் இன்ஜினைப் போட்டு, ஏசியை வைத்து, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். ஏசி காற்றில் ஈரம் இருக்காது, அதனால் பனியைக் குடித்துவிடும். கீழேயிருந்து தெளிந்துகொண்டே வந்தது. முதலில் உள்ளங்கை போனது. பிறகு அந்தக் குட்டை விரல். அப்புறம் மற்றவை.

உனக்கும் ஒரு நாள் கிருஷ்ணகிரி ரோட்டில் மழையில் அந்தக் கை வரும். துடைப்பதா விடுவதா என்பதை நீயும் செல்வியும் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் ஓட்டிக்கொண்டே அதைப் பார்க்காதே. ஓரமாக நிறுத்து. ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வை. செல்வியும் பார்க்கட்டும். அவசரப்படுத்தாதே, அது முழுதாகப் போகட்டும். ரோடு தெளிவாகத் தெரிந்த பிறகு கியரைப் போடு.